வியாழன், பிற்பகல் மூன்று

பெட்டி வந்த அன்று ஆர்ஹூஸில் பனிமழை.
கொண்டைக்கடலை அளவில் இரண்டு செவிக்கருவிகள்,
ஒரு சார்ஜர், அதற்கடியில்
நான் முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல்,
எங்கே மறந்துவிடுவேனோ என்று.

கடைக்கு வராத பொருளைப் பற்றி
மூன்று வாரம் மூச்சுவிடக் கூடாது.
படம் கூடாது. ஜாடைமாடையும் கூடாது.
வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு
விமர்சகர்கள் பதினேழு பேரும்
ஒரே நொடியில் வாய் திறக்கலாம்.

காது கேட்க ஒரு கருவி,
அதற்கு இப்படியொரு வாய்ப்பூட்டு!
சிரித்துக்கொண்டுதான் கையெழுத்திட்டேன்.

என் இடது காது பத்து வயதிலிருந்தே பாதி.
முதல் நாள், காபிக்கடையில் கரண்டி விழுந்தது
எந்தப் பக்கத்து மேசையில் என்று
திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.
அதன்மேல் பிரியம் வந்துவிட்டது.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள், ஆற்றோரச் சைக்கிள் தடத்தில்
ஒருத்தி என் முழங்கையை உரசித் திட்டிக்கொண்டே போனாள்.
திட்டு தெளிவாகக் கேட்டது.
மூன்றுமுறை மணி அடித்தாளாம்.
அதுதான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்து
என் மணியை நானே அடித்துப் பார்த்தேன்.
விரல் அசைந்தது. அவ்வளவுதான்.
இரைச்சலைக் களையெடுக்கும் கருவி
பயிரையும் சேர்த்துப் பிடுங்குகிறது.

நிறுவனத்துக்கு எழுதினேன்.
யெப்பே என்பவர் நான்கே நிமிடத்தில் பதில் போட்டார்:
தெரியும், வெளியீட்டுக்குள் சரியாகிவிடும்,
வேகாததை எடுத்துத் தின்றுவிட்டு
சமையலைப் பழிக்க வேண்டாம்.
நியாயம்தான்.
ஆனால் இலையைப் போட்டு
காசையும் வாங்கிவிட்டீர்களே, யெப்பே.

அந்த வாரமே ஆஸ்லோவில் ஒருவன் ஒப்பந்தத்தை உடைத்தான்.
ஒன்பது நிமிடம், நிறத்தைப் பற்றி.
மணியைப் பற்றி மூச்சில்லை.
அதை மாட்டிக்கொண்டு
தெருவில் இறங்கவே இல்லை போலும்.

மூன்றாம் மாடி வில்லஸ்
சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவன்.
பழைய கருவி காற்றில் இரைகிறதென்று
கழற்றிவைத்துவிட்டு ஓட்டுகிறவன்.
முதல் தவணையிலேயே பதிவு செய்திருந்தான்.
மாடிப்படியில் மறித்தான்:
“உங்களுக்கு வந்திருக்குமே, எப்படி?”

வந்தது என்பதே சொல்லக் கூடாதது.
உதட்டை இறுக மூடினேன்.
அவனோ ஐந்து வயதிலிருந்து உதடு படிக்கிறவன்.
மூடியதிலும் ஏதோ ஒரு வரி இருந்திருக்கிறது.
“சரி” என்றான்.
இரவே பதிவை ரத்து செய்துவிட்டான்.

ஐந்தாம் பிரிவைத் திரும்பப் படித்தேன்.
பேச்சு, எழுத்து, படம், சைகை.
மௌனம் பட்டியலில் இல்லை.
அதனால் தூங்கிவிட முடிந்ததா என்றால்,
இல்லை.

செவ்வாய் இரவு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது.
புதன் காலை மணி அடித்தேன்.
கணீரென்றது.
மறுபடி அடித்தேன், மறுபடி,
கீழ்வீட்டு இங்கெலிஸே வந்து கதவைத் தட்டும்வரை.

எழுதிவைத்திருந்ததில் நடுப்பத்தி
அந்த நிமிடமே பழசாகிவிட்டது.
அழித்தால், நான் கண்டது இல்லையென்றாகும்.
அப்படியே விட்டால்,
அவர்கள் திருத்தியது இல்லையென்றாகும்.
இரண்டையும் தேதி போட்டு எழுதினேன்.
நீளம் என்றாள் ஆசிரியை.
இருக்கட்டும் என்றேன்.

வியாழன், மூன்று மணி.
பதினேழு வாயும் திறந்தன.
மூன்று ஐந்துக்கு வில்லஸின் குறுஞ்செய்தி:
“அப்படியானால் இப்போது கேட்கிறதா?”
கேட்கிறது.
அடுத்த தவணை கோடை முடிந்துதானாம்.
ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான்.
அதை எப்படிப் படிப்பது என்று
எனக்குத் தெரியவில்லை.

வெள்ளி மாலை, ரயில் பாலத்தில்
எனக்கு முன்னால் போகிறான், முதுகில் நீலப் பெட்டி.
மணி அடித்தேன்.
என் இரண்டு காதிலும் மணி.
அவன் திரும்பவில்லை.

திங்கட்கிழமை இதைத் திருப்பி அனுப்ப வேண்டும்,
வந்த பெட்டியிலேயே,
நகலோடு சேர்த்து.